காற்றும் கருவூலமும்: டென்மார்க் கற்பித்த பாடம்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் உழவர் வாக்கு. களத்து மேட்டில் முறத்தோடு நிற்பவனுக்குக் காற்று ஓய்ந்துவிடுமே என்னும் அச்சம் உண்டு; ஆதலால் அவன் விரைகிறான். ஓர் அரசாங்கமோ, காற்று ஓய்ந்த காலத்திலும் அடுத்த காற்றுக்காகக் களத்தைச் செப்பனிட்டு வைக்கக் கடமைப்பட்டது. அதற்குப் பணம் வேண்டும். பணத்தினும் மேலாகப் பொறுமை வேண்டும்.

புகையும் கரியும் இல்லாத ஆற்றலைத் தேடி இன்று உலக நாடுகள் கோடி கோடியாகச் செலவிடுகின்றன. அப்பணத்தை யாரிடம் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, எத்தனை காலம் கொடுப்பது என்னும் வினாக்கள் எங்கும் எழுந்துள்ளன. இவற்றுக்குத் தன் வரலாற்றாலேயே விடை கூறும் நாடு ஒன்றுண்டு. அது பரப்பிலும் மக்கட்டொகையிலும் சிறியதான டென்மார்க். அந்நாடு காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த வரலாறு ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து தொடங்குகின்றது என்பது நம் ஆசிரியப் பெருமக்களுக்கு உவகையளிக்கும் செய்தியாகும்.

அஸ்கோவ் ஆசிரியர்

1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தன் தென்பகுதி நிலத்தை இழந்தது. மறு ஆண்டில், புதிய எல்லைக்கு அருகே அஸ்கோவ் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளி தோன்றியது. உழவர் வீட்டு இளைஞர்களுக்காக ஏற்பட்ட அத்தகைய பள்ளிகளில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. வாழ்க்கைக்காகக் கற்பதே அவற்றின் நோக்கம். குருண்ட்விக் என்னும் சமயச் சான்றோரின் கருத்தைத் தழுவி எழுந்தவை அவை.

1878இல் அப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர் போல் லா கூர் (1846-1908). வானிலை ஆராய்ச்சிக் கழகத்தில் உயர்பதவி வகித்தவர். தந்தித் துறையில் புதுமைகள் கண்டவர். தலைநகரில் புகழோடு வாழ வாய்ப்பிருந்தும் சிற்றூரை நாடி வந்தார். அக்காலத்தில் மின்விளக்கு பட்டணத்து வீடுகளில் எரியத் தொடங்கியிருந்தது. கிராமங்களோ இருளில் கிடந்தன. ஒளியும் இயந்திரமும் பட்டணத்துக்கு மட்டுமே உரியவையாகிவிட்டால் கிராமம் தேய்ந்துவிடும் என்று லா கூர் அஞ்சினார். டென்மார்க்கில் நிலக்கரி இல்லை. மலைகள் இல்லாமையால் அருவிகளும் இல்லை. காற்று மட்டும் ஆண்டு முழுதும் வீசியது.

1891இல் அரசாங்கம் அளித்த சிறு மானியத்தைக் கொண்டு பள்ளியின் அருகிலேயே ஒரு சோதனைக் காற்றாலையை அவர் நிறுவினார். காற்று நின்றால் விளக்கும் அணைந்துவிடுமே, என் செய்வது? காற்றாலை தந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து, அதனைக் கொண்டு 1895 முதல் 1902 வரை பள்ளியில் விளக்கேற்றினார். வாயு சில வேளைகளில் வெடித்துச் சாளரக் கண்ணாடிகள் சிதறியதும் உண்டு. ஆயினும் மானியம் நிற்கவில்லை. 1897இல் பெரியதொரு காற்றாலைக்கும் அரசாங்கம் பணம் தந்தது. காற்றுக் குழாய்களைச் செய்து, இறக்கைகளை அவற்றின் முன் வைத்துச் சோதித்தார் லா கூர். பல இறக்கைகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்சாரம் எடுக்கச் சிறந்தது என்னும் உண்மை அவ்வாறு தெளிவாயிற்று.

இவை எல்லாவற்றினும் சிறந்த செயல் ஒன்றை அவர் 1904இல் செய்தார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்தொழில் கற்பிக்கும் வகுப்பை அஸ்கோவில் தொடங்கினார். லா கூர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்த 1918இல், ஏறத்தாழ 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலைகளை வைத்திருந்தன. அரசாங்கம் கொடுத்த பணம் இயந்திரமாக மட்டும் நின்றுவிடவில்லை. கற்றறிந்த மனிதர்களாகவும் மாறிற்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும்.

மாணவர் யூல்

அந்த 1904ஆம் ஆண்டு வகுப்பில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயர் யோஹானஸ் யூல். பின்னர் ஒரு மின்சாரக் கம்பெனியில் பொறியாளராகப் பணிபுரிந்த அவர், அறுபது வயதை எட்டிய காலத்தில், இரண்டாம் உலகப்போருக்குப் பின், தம் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சிறு காற்றாலைகள் இரண்டைக் கட்டிப் பழகியபின், 1957இல் கெட்சர் என்னும் கடற்கரையூரில் 200 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையை எழுப்பினார். போரால் நலிந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா அளித்த மார்ஷல் உதவி நிதியிலிருந்து அதற்குப் பணம் கிடைத்தது.

கெட்சர் காற்றாலையின் அமைப்பு எளியது. அதற்கு மூன்று இறக்கைகள். காற்று அளவுக்கு மீறி வீசினால், இறக்கையின் வடிவத்தாலேயே காற்றோட்டம் அதன் மேற்புறத்தினின்று பிரிந்து, ஆற்றல் தானே மட்டுப்படும். சுழற்சி வரம்பு கடந்தால் இறக்கைகளின் நுனிகள் தாமே திரும்பிக் காற்றை எதிர்த்துத் தடையாக நிற்கும். பெரிய பழுதின்றி அது பத்தாண்டுகள் ஓடியது. ஆனால் அக்காலத்தில் எண்ணெய் மலிவு. காற்று மின்சாரம் எண்ணெயோடு விலையில் போட்டியிட இயலாது என்று 1962இல் முடிவு கட்டினார்கள். 1967இல் காற்றாலை நிறுத்தப்பட்டது. இரண்டாண்டில் யூலும் மறைந்தார். எனினும் காற்றாலையை யாரும் இடிக்கவில்லை. அது கடற்கரையில் நின்றுகொண்டிருந்தது.

பெரும்பணமும் சிறுபணமும்

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டென்மார்க்கு தன் ஆற்றல் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டத் தடை விதிக்கும் நிலை ஏற்பட்டது. பல நாட்டு அரசாங்கங்களும் அப்போதுதான் விழித்துக்கொண்டு காற்றின் பக்கம் திரும்பின.

அமெரிக்க அரசாங்கம் அப்பணியை விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவிடம் ஒப்படைத்தது. விமானக் கம்பெனிகள் முன்வந்தன. 1975இல் 100 கிலோவாட் இயந்திரம். 1979இல் அதைப்போல் இருபது மடங்கு. அடுத்து 91 மீட்டர் விட்டமுள்ள இன்னும் பெரிய இயந்திரம் எனப் பாய்ந்து சென்றனர். ஜெர்மனி 1983இல் 'குரோவியான்' என்னும் 100 மீட்டர் விட்டமுள்ள பேரியந்திரத்தை நிறுவியது. அது மொத்தம் சில நூறு மணி நேரமே ஓடிற்று, 1988இல் பிரித்தெடுக்கப்பட்டது. இவை தோற்றதேன்? ஓர் இரும்புக் கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. ஆயிரம் முறை வளைத்தால் ஒடிந்துவிடும். காற்றாலையின் இறக்கையும் அச்சும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான அசைவுகளைத் தாங்க வேண்டும். அந்த நோயைக் கணக்கிலேயே கண்டுவிடலாம் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர்.

டென்மார்க் அரசாங்கம் மட்டும் முற்றும் தெளிந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. அதுவும் மின்கம்பெனிகளோடு சேர்ந்து நிபே என்னும் ஊரில் இரண்டு பெரிய காற்றாலைகளைக் கட்டியது. அவற்றின் வழியில் தொழில் வளரவில்லை. பயன் தந்தது ஓரத்தில் வைத்த சிறு திட்டமே. அதுதான் 1978இல் ரீசோ அணு ஆராய்ச்சி நிலையத்தின் ஒரு மூலையில் தோன்றிய சிறு காற்றாலைச் சோதனை நிலையம்.

அதே காலத்தில் தச்சர்களும் கொல்லர்களும் தத்தம் பட்டறைகளில் காற்றாலை செய்யத் தொடங்கியிருந்தனர். ரீசாகர் என்னும் தச்சர் 22 கிலோவாட் காற்றாலையைத் தம் தோட்டத்தில் நிறுவினார். அவர் பின்பற்றியது யூலின் கெட்சர் அமைப்பையே. துவிந்த் என்னுமிடத்தில் பள்ளி ஆசிரியர்களும் தொண்டர்களும் தம் ஊதியத்தைத் திரட்டி, மூன்றாண்டு உழைத்து, 1978இல் 54 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எழுப்பினர். பத்தாண்டுக்குமுன் நிறுத்தப்பட்ட கெட்சர் காற்றாலையையும் பழுதுபார்த்து, மீண்டும் ஓடவிட்டு அளந்தறிந்தனர். அவ்வளவைக்கு அமெரிக்காவும் பணம் தந்தது என்பது வியப்பு.

1979இல் டென்மார்க் ஒரு சட்டம் செய்தது. காற்றாலை வாங்குவோருக்கு விலையில் நூற்றுக்கு முப்பது பங்கை அரசாங்கமே கொடுக்கும். ஆனால் அக்காற்றாலை ரீசோ நிலையத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். இச்சட்டத்தின் நுட்பத்தைக் காண்க. பணம் செய்பவனுக்கன்று, வாங்குபவனுக்குச் சென்றது. ஒப்புதலோ வாங்குபவனைக் காத்தது. புயலில் சில காற்றாலைகள் நொறுங்கியபோது, ஒன்று தவறினாலும் மற்றொன்று நிறுத்தும்படி இருவகைத் தடைகள் வேண்டுமென்று சோதனை நிலையம் விதித்தது. ஒரு பட்டறையின் பிழை மற்றப் பட்டறைகளுக்கெல்லாம் பாடமாயிற்று. இயந்திரங்கள் படிப்படியாக வளர்ந்தன. மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது. உழவர்களும் ஊரார்களும் பங்கு சேர்த்துக் கூட்டுறவாகக் காற்றாலை வாங்கினார்கள்.

1975க்கும் 1988க்கும் இடையே காற்றாலை ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசாங்கம் செலவிட்டது 42 கோடி டாலருக்கு மேல்; ஜெர்மனி 10 கோடிக்கு மேல்; டென்மார்க்கு 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் 1980களில் கலிபோர்னியாவில் காற்றாலைகள் காடுபோல் எழுந்தபோது, அவற்றில் ஏறத்தாழப் பாதி டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்தவை! 1898இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய வெஸ்டாஸ் கம்பெனி உலகப் புகழடைந்தது அவ்வழியே.

அறுபடும் இழை

நிற்க. இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. 1985 இறுதியில் கலிபோர்னியாவின் வரிச்சலுகை முடிந்தவுடன் சந்தை சாய்ந்தது. மறு ஆண்டே வெஸ்டாஸ் கடன் தீர்க்க இயலாமல் தத்தளித்தது. 1991இல் விண்டெபி கடற்பரப்பில் 11 காற்றாலைகளை நாட்டி, உலகில் முதன்முதலாகக் கடலில் காற்றாலைப் பண்ணை அமைத்த நாடும் டென்மார்க்கே. ஆனால் 2001இல் ஆட்சி மாறியபின் உதவி குறைக்கப்பட்டது. சில ஆண்டுகள் புதிய காற்றாலைகள் எழுவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்குமேல் காற்றே தருகின்றது. அந்நிலையிலும், 2024 டிசம்பரில் வட கடலில் மானியமின்றிக் காற்றாலை அமைக்க ஏலம் கூறியபோது ஒருவரும் கேட்க வரவில்லை. மானியம் வேண்டுமென்று அரசாங்கம் மீண்டும் எண்ண நேர்ந்தது. ஒருமுறை வென்றுவிட்டால் இனி அரசின் கை வேண்டா என்னும் எண்ணம் பொய்யென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கயத்தாற்றில் ஒரு கிளை

அஸ்கோவில் ஊன்றிய மரத்தின் கிளையொன்று தமிழ்நாட்டிலும் தழைத்திருக்கிறது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலேறிய கயத்தாறு நம்மவர்க்குப் புதிய பெயரன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றைப்போலவே, அவ்வூர்ப் பக்கத்துக் காற்றும் வலியது. 1998இல் இந்திய அரசாங்கம் சென்னையில் காற்றாற்றல் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியபோது, அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் அமைந்தது. பணவுதவி தந்தது டென்மார்க் அரசாங்கம். தொழில்நுட்பம் கற்பித்தது ரீசோ நிலையம். பிறர்க்கு உதவ முற்பட்டபோதும் அந்நாடு இயந்திரங்களை விற்பதோடு நில்லாமல், இயந்திரங்களைச் சோதித்தறியும் கலையையும் சேர்த்தனுப்பியது. சோதிக்கத் தெரிந்தவனே வாங்கவும் அறிவான், செய்யவும் அறிவான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்று மெல்லியது. டென்மார்க்கின் காற்றாலைகளை அப்படியே இங்கு நடுவதில் பொருளில்லை. எடுத்துக்கொள்ளத் தக்கது அவர்கள் சென்ற முறை. கருவூலம் திறந்தால் மட்டும் புதுமை பிறந்துவிடாது. சிறிதாகக் கொடுத்து, சோதித்துப் பார்த்து, பிழையைப் பொறுத்து, கற்றவரைக் காத்து, மீண்டும் கொடுக்க வேண்டும். எண்ணெய் மலிந்த ஆண்டுகளில் டென்மார்க்கும் இதனை மறந்தது. ஆயினும் ஓர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்த மாணவர் அறுபது வயதிலும் பாடத்தை மறவாமல் கட்டிய காற்றாலை ஒன்று கெட்சர் கடற்கரையில் நின்றது. இழை முற்றும் அறுந்துபோகாமல் காத்தது அதுவே.