இலையில் போட்டதைப் பையில் கட்டிய கதை



போன வாரம் கோவில் மண்டபத்துல அரிசிப் பை கட்டிக்கிட்டு இருந்தப்போ ஓர் அம்மா கேட்டாங்க: "அன்னதானம்னா இலை போட்டு, உட்கார வெச்சுப் பரிமாறுறதுதானே தம்பி? இந்த மளிகைப் பை எல்லாம் நம்ம வழக்கத்துல உண்டா?" அப்போ சிரிச்சுச் சமாளிச்சிட்டேன். ஆனா கேள்வி மனசை விட்டுப் போகல. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம அன்னதானக் கதைகள்ல பழசு மணிமேகலை. அதுல அமுதசுரபி முதல்ல ஆபுத்திரன் கைக்குத்தான் வருது. மதுரையில வீடு வீடா பிச்சை எடுத்து, கண் தெரியாதவங்க, கால் ஊனமானவங்க எல்லாருக்கும் முதல்ல போட்டுட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டவன் அவன். அதைப் பார்த்துத்தான் சிந்தாதேவி அவனுக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாள். அப்புறம் அது மணிமேகலை கைக்கு வருது. புகார்ல அவள் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாத்தச் செய்தாள். பஞ்சத்துல வாடின காஞ்சிக்குப் போய் அங்கேயும் சோறு போட்டாள். கவனிச்சீங்களா? பசிச்சவங்க தன்னைத் தேடி வரட்டும்னு அவள் உட்காரல. பசி எங்கே இருந்ததோ அங்கே அவள் போனாள்.

அடுத்து வடலூர். வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊர் மக்கள் கொடுத்த 80 காணி நிலத்துல எழுந்தது அது. அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையல. சாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்கிறதில்ல. பசியோட வர்றதே போதும்.

அது தொடங்கி பத்து வருஷம் ஆகறதுக்குள்ள சென்னை மாகாணத்துல பெரிய பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தாங்க. ஊர் ஊரா கஞ்சித் தொட்டி வெச்சாங்க. அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. கல் உடைக்கணும், மண் சுமக்கணும். 1877 தொடக்கத்துல சர் ரிச்சர்டு டெம்பிள்ங்கிற அதிகாரி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட கொஞ்சம் சில்லறை போதும்னு கூலியைக் குறைச்சார். உடம்பால உழைக்கிறவனுக்கு இது பத்தாதுன்னு சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாசத்துல கூலியைக் கூட்ட வேண்டியதாச்சு.

அந்தப் பஞ்சத்துல இன்னொரு கூட்டமும் இருந்தது. வீட்டுல அடுப்பு எரியாது, ஆனா முகாம் வாசல்ல போய் நிற்க மானம் இடம் கொடுக்காது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடந்தாங்க. லண்டன்ல திரட்டின நிவாரண நிதியில ஒரு பகுதி இப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கே போய் உதவுறது ஏதோ நேத்து வந்த பழக்கம் இல்லைன்னு இதுலயே தெரியுது.

பந்தியோட பெருமையும் இங்கேதான் புரியுது. கோவில்ல இலை போட்டு உட்கார்ந்தா, பக்கத்துல இருக்கிறவர் முதலாளியா, மூணு நாளா சாப்பிடாதவரா, யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அதே சாம்பார், அதே பாயசம். வாங்கிச் சாப்பிடுறவர் முகத்தை மறைச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல, அது பிரசாதம். இல்லாதவனோட கூச்சத்தை மறைக்கிற திரை அந்த வாழை இலை. கஞ்சித் தொட்டியில அந்தத் திரை கிடையாது.

பசிக்குத் தப்பிக் கப்பலேறினவங்க பலர் நம்ம முன்னோர்கள். வந்த இடத்துலயும் அவங்க மறக்காத வழக்கம் சோறு போடறது. தைப்பூசத்தன்னைக்குத் தண்ணீர்மலைக்குப் போற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் பார்க்கிறோமே, தமிழர், சீனர், மலாய்க்காரர்னு பார்க்காம கையில கொடுக்கிறாங்களே, அது அந்த வழக்கம்தான்.

நம்ம ஆயர் ஈத்தாமுக்கும் ஒரு கதை உண்டு. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ, பட்டணத்து ஜனங்கள் மலையடிவாரத்தைப் பார்த்து ஓடி வந்தாங்க. அப்படி அடைக்கலம் கொடுத்த இடங்கள்ல ஆயர் ஈத்தாமும் ஒண்ணு. அப்புறம் மூன்றரை வருஷம். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும்தான் வாங்கிக்கிட்டு இருந்தது. கப்பல் நின்னதும் அரிசி போச்சு, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. வாழைமரம் அச்சடிச்ச ஜப்பான் நோட்டு கட்டுக் கட்டா இருந்தும் அரிசி வாங்க முடியல. "கிழங்கு தின்ன காலம்"னு பாட்டிமார் சொல்றது இதைத்தான். அந்தத் தலைமுறை தட்டுல ஒரு பருக்கையை விடாது. ஏன்னு இப்போ புரியுதா?

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கோவில் கதவை மூடினோம். அன்னதான அண்டா கவிழ்ந்தது. ஆனா பசி ஆணைக்கு அடங்குமா? தினக்கூலிக்காரங்க, கடையில பாத்திரம் கழுவுறவங்க, லோரி அட்டெண்டர், எல்லாருக்கும் ஒரே நாள்ல வருமானம் நின்னுது. இலை போட்டு உட்கார வைக்க முடியாத காலத்துல, இலையில போட வேண்டியதைப் பையில கட்டினோம். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, கோதுமை மாவு, மீ ஹூன், தேயிலை. ரைபிள் ரேஞ்ச், ஃபார்லிம் அடுக்குமாடிகளுக்கு எடுத்துட்டுப் போனோம்.

2021 ஜூன் 1 முதல் மறுபடியும் முழு அடைப்பு. அந்த மாசக் கடைசியில நாடு முழுக்க வீட்டு வாசல்ல வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கினாங்க. "எங்களுக்கு உதவி வேணும்"னு வாய் திறந்து சொல்ல முடியாதவங்க ஒரு துணியைத் தொங்கவிட்டுச் சொன்னாங்க. அதுலயும் ஒரு கஷ்டம் இருந்தது. கொடி கட்டினா மாடி முழுக்கத் தெரிஞ்சிடும். கட்டாம இருந்தவங்க எத்தனை பேரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

தொற்று போனா பை தேவைப்படாதுன்னு நினைச்சோம். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர்ல இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறிச்சு. உடனே எல்லாரும் கிலோ 2 ரிங்கிட் 60 காசு உள்ளூர் அரிசிக்குப் பாய, அது கடை அலமாரியில இருந்தே காணாமப் போச்சு. அரிசிக்குப் பிற நாட்டை நம்பி இருக்கிற கதை 1941லேர்ந்து முழுசா மாறலைன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

இப்போ அந்த அம்மா கேள்விக்கு வர்றேன். பை நம்ம வழக்கம்தான். பசி இருக்கிற இடத்துக்குப் போறது மணிமேகலை காட்டின வழி. ஆனா பந்தியில இருந்த ஒண்ணு பையில குறையுது. அதான் அந்தத் திரை.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் அடைப்பு நேரத்துல ஒரு வீட்டுல பை கொடுத்துட்டு, வழக்கம்போல ஃபோட்டோ எடுத்துக் குழுவுல போட்டேன். கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டணுமே! ரெண்டு நாள் கழிச்சு அந்த வீட்டு அக்கா கூப்பிட்டாங்க. திட்டல. "தம்பி, என் மகனோட கூட்டாளிங்க படத்தைப் பார்த்துட்டாங்க. அடுத்த மாசம் எங்களுக்கு வேண்டாம், வேற யாருக்காவது கொடுங்க"ன்னாங்க. அரிசி தீர்ந்த வீடு, அரிசி வேண்டாம்னு சொல்லுது. தப்பு என்னுது. படத்தை அழிச்சேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனா அந்த வீட்டுக்கு மறுபடி பை போகல.

அதுக்கப்புறம் வாங்குறவங்க முகத்தைப் படம் எடுக்கிறதில்ல. கணக்கு வேணும்னா கட்டி அடுக்கின பைகளைப் படம் எடுக்கலாம், கடை ரசீதை ஒட்டலாம். பேர்ப் பட்டியல் ரெண்டு பேர் கையைத் தாண்டக் கூடாது. பையில பெரிய எழுத்துல "உதவிப் பொருள்"னு அச்சடிக்க வேண்டாம். கடைப் பை மாதிரியே இருக்கட்டும், மாடிப்படியில பார்க்கிறவங்க "மார்க்கெட் போயிட்டு வர்றாங்க"ன்னு நினைக்கட்டும்.

இன்னொண்ணு. 5 கிலோ அரிசியை டெம்பிள் துரை கணக்குல போட்டாலே நாலு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு மூணு நாள் வராது. நாம மாசத்துக்கு ஒரு பை கொடுத்துட்டுப் புண்ணியம் சேர்ந்ததுன்னு உட்கார முடியாது. பை கொடுக்கப் போற இடத்துல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசுங்க. வேலை போச்சா, மருந்துச் செலவா, சமூகநல இலாகாவுக்கு மனு எழுதத் தெரியலையா? அந்த மனுவை நிரப்பிக் கொடுக்கிறதும் அன்னதானம்தான்.

மழை பெய்து நாடு செழிச்சப்போ ஆபுத்திரனைத் தேடிச் சோறு கேட்டு வர ஆளே இல்லாமப் போச்சாம். நம்ம மண்டபத்துக்கும் அப்படி ஒரு நாள் வரட்டும். அதுவரைக்கும் பை கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில வர முடிஞ்சவங்க வாங்க. கேமராவை வீட்டுல வெச்சிட்டு, கையை மட்டும் கொண்டு வாங்க.

முருகா சரணம் 🙏