ஓய்வு பெறும் ஆண்டே பெயரான ஃபண்ட்

அமெரிக்கத் தொழிலாளிக்கு ஓய்வூதியக் கவலையை ஒரு காலத்தில் முதலாளியே சுமந்தார். 1978-ல் வரிச் சட்டத்தில் நுழைந்த 401(கே) என்ற பிரிவு, எண்பதுகளில் அந்தச் சுமையைத் தொழிலாளியின் தோளுக்கு மாற்றிவிட்டது. சம்பளத்தில் பிடித்த பணத்தை எதில் போடுவது என்று இனி அவரே முடிவு செய்ய வேண்டும். பலர் சேரும்போது ஏதோ ஒன்றில் டிக் அடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. முப்பது வயதில் பங்குகளில் போட்டது அறுபதிலும் அப்படியே கிடந்தது.

இந்தச் சிக்கலுக்கு 1994-ல் ஒரு விடை வந்தது. வெல்ஸ் ஃபார்கோ குழுமத்தின் முதலீட்டு நிறுவனத்தில் இருந்த டொனால்ட் லஸ்கினும் லாரி டின்ட்டும் உருவாக்கிய லைஃப்பாத் ஃபண்டுகள்தான் அது. ஓய்வு பெறும் ஆண்டையே ஃபண்டின் பெயரில் வைத்தார்கள்: 2000, 2010, 2020, 2030, 2040. உங்கள் ஆண்டு எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த ஆண்டு நெருங்க நெருங்க ஃபண்டே பங்கைக் குறைத்து, கடன் பத்திரத்தைக் கூட்டிக்கொண்டு போகும்.

வயது ஏறினால் ரிஸ்க் ஏன் குறைய வேண்டும்? கேள்வி பார்ப்பதற்குத்தான் எளிது. சில அனுமானங்களை ஏற்றுக்கொண்டால் வயது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று 1969-லேயே பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். அவரே 1992-ல் சக அறிஞர்கள் போடி, மெர்ட்டன் ஆகியோரோடு எழுதிய கட்டுரை விடையை வேறு இடத்தில் தேடியது. இளைஞரின் பெரிய சொத்து அவர் இனி வாங்கப்போகும் சம்பளம். சந்தை சரிந்தால் கூடுதலாக உழைத்தோ, இன்னும் சில ஆண்டுகள் வேலை பார்த்தோ ஈடுகட்டலாம். 58 வயதில் அந்தச் சொத்து ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. எனக்கு இதைவிடத் தெளிவான காரணம் தெரியவில்லை.

2006-ல் வந்த ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமும் மறு ஆண்டு தொழிலாளர் துறை வகுத்த விதிகளும், எதையும் தேர்ந்தெடுக்காத ஊழியரின் பணத்தை நிறுவனங்கள் இந்த வகை ஃபண்டுகளில் போட வழி திறந்தன. பணம் கொட்டியது.

அடுத்தது 2008-ன் சந்தைச் சரிவு. ஓய்வுக்கு இரண்டே ஆண்டு இருந்தவர்களுக்கான 2010 ஃபண்டுகள் அந்த ஓராண்டில் சராசரியாக 25 சதவிகிதத்தை ஒட்டி இழந்தன. சராசரியைவிடக் கொடுமை, ஃபண்டுக்கு ஃபண்டு இருந்த வித்தியாசம். ஒன்றில் நஷ்டம் 4 சதவிகிதத்துக்கும் குறைவு, இன்னொன்றில் 41. ஒரு லட்சம் டாலர் வைத்திருந்தவருக்கு முதலாவதில் 96,000-க்கு மேல் மிஞ்சியது, மற்றதில் 59,000. பழைய நிலைக்கு வர அந்த 59,000 கிட்டத்தட்ட 70 சதவிகிதம் வளர வேண்டும். பெயரில் இருந்த ஆண்டு ஒன்றுதான், உள்ளே இருந்த பங்கின் அளவு வேறு. பங்கைக் குறைப்பதை ஓய்வு நாளோடு முடிப்பதா, ஓய்வுக்குப் பிறகும் தொடர்வதா என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கணக்கு வைத்திருந்தது. 2009 ஜூனில் அமெரிக்க அரசு இதற்காகவே பொது விசாரணை நடத்தியது.

அதே 2009-ல் நம் நாட்டில் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். எல்லாருக்கும் திறந்தபோது, இதே யோசனை ‘ஆட்டோ சாய்ஸ்’ என்று வந்தது. அதன் நடுத்தரத் திட்டத்தில் 35 வயது வரை பங்கு 50 சதவிகிதம். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவிகிதமாக இறங்கி, 55-ல் 10-ல் நிற்கும். அந்த வயதில் 40 லட்சம் சேர்த்திருப்பவருக்குப் பங்கில் இருப்பது 4 லட்சம். சந்தை பாதியாகச் சரிந்தாலும் அதில் போவது 2 லட்சம். தானே பிரித்துப் போடும் ‘ஆக்டிவ் சாய்ஸ்’காரருக்கு ஆண்டுதோறும் நடக்கும் இந்த இறக்கம் கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர் தன் கணக்கைத் திறந்து, தான் எந்தப் பக்கம் இருக்கிறோம், பங்கு இன்று எத்தனை சதவிகிதம் என்று இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.