கணக்குப் பேரேடும் தியானமும்

அலுவலகச் சுமையால் மனம் இறுகிப்போவது நம் காலத்துக்கே உரிய பிணி என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பிணி பழையதே. தில்லியிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் ‘ஏ.ஜி. ஆபீஸ்’ என்று வழங்கும் கணக்கு அலுவலகங்களில் பேரேடு புரட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய அலுவலகம் ஒன்றிலேயே அப்பிணிக்கு மருந்தும் பயிலப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர்வோம்.

அவ்வலுவலகம் இரங்கூனில் இருந்தது. 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி; இரங்கூன் நகரிலோ இந்தியர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். 1899இல் பிறந்த ஊ பா கின் அங்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1937 ஜனவரியில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை ஒருவர் அவருக்கு எடுத்துரைக்க, அதன் சுவை கண்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பாலிருந்த குருவை நாடிச் சென்றார். குரு சயா தெட்ஜி துறவியல்லர். உழுது பயிர் செய்த இல்லறத்தார்.

1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றபோது ஊ பா கின் அந்நாட்டின் கணக்குத் துறைத் தலைவரானார். 1950 அளவில் தம் அலுவலர்களுக்கென ஒரு விபஸ்ஸனா சங்கத்தை நிறுவினார். தணிக்கை அதிகாரியின் பெயரைக் கேட்டாலே குமாஸ்தாக்களுக்கு வியர்ப்பதுண்டு. இங்கோ அத்துறைத் தலைவரே அவர்களை அமரச் செய்து மூச்சைக் கவனிக்கக் கற்பித்தார்! 1952இல் நகரில் தியான நிலையம் ஒன்றும் எழுந்தது. ஓய்வு பெறும் வயது வந்தும் அரசு அவரை விடவில்லை; ஒரே சமயத்தில் பல துறைகளைத் தாங்கி, 1967 வரை உழைத்தார்.

முறை எளிது, பழகுதல்தான் அரிது. மந்திரமில்லை, உருவமில்லை. நாசித் துவாரத்தில் மூச்சு வருவதையும் போவதையும் முதலில் கவனித்தல். மனம் ஒருமைப்பட்டபின், உடலெங்கும் தோன்றி மறையும் உணர்ச்சிகளை விருப்பும் வெறுப்புமின்றி நோக்குதல்.

மந்தலையில் 1924இல் பிறந்த வணிகர் சத்ய நாராயண கோயங்கா, மார்பியா ஊசியாலன்றித் தணியாத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் வந்தார். தலைவலிக்காக மட்டுமே வருவதாயின் இடமில்லை என்றார் ஊ பா கின். மனத்தின் மாசு நீங்குதலே குறிக்கோள். நோய் தணிவது அதன் உடன்விளைவு என்பது அவர் கருத்து. நேர்மாறாக, 1979இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின், நாள்பட்ட வலியாலும் மன இறுக்கத்தாலும் வருந்தியவர்களுக்கென்றே பௌத்தத் தியானத்தைச் சமயச் சார்பின்றிக் கற்பிக்கத் தொடங்கினார். மாலையில் களைத்து வீடு திரும்பும் ஒருவனுக்கு அரை மணி அமைதி கிடைப்பதும் சிறிதன்று என்பதால் இவ்வழியை நாம் குறை கூறோம். எனினும், வாயிலிலேயே நோக்கத்தை வினவிய அக்கணக்கரின் கண்டிப்பை மறப்பதற்கில்லை; வரவையும் செலவையும் கலவாத கை அது.

கோயங்கா பின்னர் அவரிடமே பதினான்கு ஆண்டுகள் பயின்றார். நோயுற்ற தாயின் பொருட்டு 1969இல் இந்தியா வந்து, அவ்வாண்டு ஜூலையில் பம்பாயில் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார்; அதே ஆண்டில் சென்னையிலும் முகாம் நடந்தது. மும்பையிலிருந்து நாசிக் செல்லும் இருப்புப்பாதையில் மலையேறியதும் வரும் இகத்புரியில் 1976 முதல் அம்முகாம்கள் நிலைபெற்றன. அங்குப் பயிற்சிக்குக் கட்டணமில்லை; முன்பு பயின்றவர் அளிக்கும் கொடையாலேயே உணவும் உறையுளும் நடைபெறுகின்றன.