கழிந்த ஓடும் கணக்கேடும்

இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறையைத் தேயிலையின் வாயிலாகவே பலரும் அறிவர். கங்காணிமார் பின்னே மலையேறிய தமிழர் அங்கே லயங்களில் குடியமர்ந்தனர். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களில் சிலருக்கு அது பாட்டனார் உழைத்த மண்ணாகவும் இருக்கலாம். கட்டடக் கலையின் வரலாற்றிலும் அம்மலைப் பகுதிக்கு ஓர் இடம் உண்டு.

ஏலப்பாறைக்கு அண்மையிலுள்ள வாகமண்ணில், 1963ஆம் ஆண்டு, லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர் மருத்துவரான தம் மனைவியாருடன் வந்து தங்கினார். ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு அமைதல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை அவர் நெறியாகக் கொண்டிருந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்து, வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை எழுப்பினார்.

அவர் கையாண்ட ஒரு முறையைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. கான்கிரீட்டுக்கு அங்கே வேலை குறைவு. ஆதலின் கம்பிகளுக்கு இடையே, விலைபோகாத மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். சிமெண்டு மிஞ்சியது, பாரமும் குறைந்தது. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டால் வருவது. அதை எண்ணினால் இது வெறும் காசுச் சிக்கனம் அன்று. இடிந்த வீடுகளின் கதவையும் சன்னலையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

எங்கே எது கிடைக்கும் என்பதை அவருக்குக் காட்டியது அவருடைய கண்ணே. ஒருவர் கண் ஒரு மாவட்டத்துக்குப் போதுமா? இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. நெதர்லாந்தில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய மடாஸ்டர் என்னும் பதிவகம், கட்டடத்திலுள்ள மரம், இரும்பு, கல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவற்றுக்குக் கடவுச்சீட்டுப் போன்றதோர் ஆவணம் அளிக்கிறது. இடிக்கும் நாளில் எது எவருக்குப் பயன்படும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிக்கு வேண்டிய கருவி இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு பெருவெள்ளத்திற்குப் பின், கேரள அரசு கைப்பேசிச் செயலி கொண்டு சேதமுற்ற வீடுகளைப் பதிவு செய்தது. வீட்டின் சேதத்தைப் பதிந்த கைப்பேசி, விழுந்த சுவரின் கல்லையும் பதிய வல்லதே. மலைப்பாதையில் ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் ஏற்றுகூலி உண்டு என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. அவற்றின் லயங்கள் பழுதுபார்ப்பாரின்றி நின்றன. வீட்டு வசதியைப் பேணும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியிடம் வைத்திருந்தது. முதலாளியே அகன்றபின் கடமை யாரைத் தேடும்? கட்டடக் கழிவு பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளோ, நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன் கழிவு தருவோரிடமே தனித் திட்டம் கேட்டன. தனித்து நிற்கும் ஒரு லயம் அவ்வெல்லையை எட்டுதல் அரிது. அதன் கல்லும் சட்டமும் தகரமும் எவ்வளவு என்பதை, முதலில் அங்கே வாழ்வோரே அளந்து எழுதத் தொடங்கலாம்.