மண்ணுக்குள் புதைந்த விளிம்பு: ஜெரால்டு ஸ்காட்டின் சிதைவுக் கொள்கை குறித்து

மக்கும் நெகிழியின் வரலாற்றில் சேர்பொருள்களுக்கு உரிய இடத்தை வாங்கித் தந்தவர் பர்மிங்காம் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஸ்காட். தக்க உலோகச் சேர்மத்தைக் கலந்தால் பாலிஎதிலீனின் ஆயுளையும் முன்கூட்டியே வரையறுக்கலாம். முதலில் ஆக்சிஜன் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டாக்கும், பிறகு நுண்ணுயிர்கள் அத்துண்டுகளைத் தின்று தீர்க்கும் என்பது அவர் கொள்கை. டேவிட் வைல்ஸுடன் 2001இல் எழுதிய கட்டுரையில் இது முழு வடிவம் பெறுகிறது. சூழலுக்கு இதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலை மட்டுமே. இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்காட் அடிப்படையில் நெகிழியைக் கெடாமல் காக்கும் எதிர்-ஆக்சிஜனேற்றிகளின் ஆய்வாளர். 1965இலேயே அதுபற்றிப் பெருநூல் எழுதியவர். அந்த அறிவிலிருந்துதான் இரும்பு டைதயோகார்பமேட்டைச் சேர்பொருளாக்கும் எண்ணம் பிறந்தது. நெகிழியை உருக்கிப் படலமாக இழுக்கும்போது இச்சேர்மம் பெராக்சைடுகளை அழித்து அதைக் காக்கிறது. வயலில் வெயில் பட்டதும் புற ஊதாக் கதிர் சேர்மத்தைப் பிளக்கிறது. விடுபட்ட இரும்பு அயனி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. நிக்கல் சேர்மத்தையும் உடன் சேர்த்தால் சிதைவின் தொடக்கம் தள்ளிப்போகும். இஸ்ரேலின் டான் கிலீடுடன் இணைந்து உருவாக்கியதால் ஸ்காட்–கிலீடு முறை என்று இது பெயர் பெற்றது. பயிர் நிலப்போர்வைகளில் பயன்பட்டது. காத்த பொருளையே குறித்த காலத்தில் கெடுக்க வைத்த இந்த வேதியியல் நுட்பத்துக்கு இன்றும் தலைவணங்கலாம்.

ஆனால் நிலப்போர்வையை விரிக்கும் முறையைக் கவனியுங்கள். காற்று தூக்கிவிடாமலிருக்க இரு விளிம்புகளையும் மண்ணால் மூடுவார்கள். வெயில் பட்ட நடுப்பகுதி நொறுங்கிய பின்னும் புதைந்த விளிம்பு பட்டையாகக் கிடந்தது. ஒளியால் சிதையும் படலங்களைப் பயன்படுத்தியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இது. ஆய்வுகளில் இது பெரும்பாலும் நடைமுறைச் சிக்கலாகவே பதிவாகியிருக்கிறது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முதன்மைச் சான்றே இதுதான். ஒரே சுருள், ஒரே சேர்பொருள், ஒரே பருவம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு விதி. உழும்போது மேலே வந்து வெயில் பட்டால் அதுவும் நொறுங்கும் என்று ஸ்காட் தரப்பில் பதில் சொல்லலாம். அந்தப் பதிலே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது: கடிகாரத்தை ஓட்டுவது வெயில், சேர்பொருள் அதற்குக் காதுகொடுக்கிறது, அவ்வளவே.

இருட்டிலும் வெப்பத்தால் வேலை செய்யும் கோபால்ட், மாங்கனீசு ஸ்டியரேட்டுகள் இதற்கு விடையாக முன்வைக்கப்பட்டன. இந்த மாற்றத்துக்கு ஒரே ஆண்டைக் குறிப்பது கடினம். வணிகத்தில் அது 1990களில்தான் வேரூன்றியது எனலாம். ஆனால் புரூனல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு கிரிஃபின் 1970களிலேயே மாவுச்சத்துடன் நிறைவுறாக் கொழுப்பையும் பாலிஎதிலீனில் கலந்து, மண்ணிலுள்ள உலோக உப்புகள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் என்று எதிர்பார்த்தார். எனவே ஒளிக்காலம் முடிந்து வெப்பக்காலம் தொடங்கியது என்ற வரிசை எனக்கு ஐயத்துக்குரியது; இரண்டும் நெடுநாள் அருகருகே நடந்திருக்க வேண்டும்.

ஸ்டியரேட்டுகளுக்கும் வெப்பம் வேண்டும். ஆய்வகத்தில் படலத்தை உயர்வெப்பத்தில் வைத்து, கிடைத்த வேகத்தைக் கொண்டு குளிர்ந்த மண்ணில் ஆகும் காலத்தைக் கணிப்பது வழக்கமாயிற்று. வெப்பநிலை குறையும்போதும் வினையின் போக்கு மாறாது என்பது அக்கணிப்பின் அடித்தளம். ஈரமும் ஆக்சிஜன் வரத்தும் மாறும் மண்ணில் அதை எப்படி நம்புவது? ஸ்டாக்ஹோமில் ஆன்-கிறிஸ்டின் ஆல்பர்ட்சன் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட பாலிஎதிலீனைப் பத்தாண்டு மண்ணில் வைத்துப் பார்த்தார். புற ஊதாக் கதிர் படாத மாதிரியிலிருந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேறிய கார்பன் 1 சதவீதத்துக்கும் குறைவு. தொடக்கத்தில் வெளியேறியதும் பெரும்பாலும் முன்பே இருந்த குறுந்தொடர்களிலிருந்து வந்தது என்றே அவர் கருதினார். அப்படியானால் தொடக்க வேகத்தை நேர்கோடாக நீட்டிக் காலம் கணிப்பது தவறு. குறுந்தொடர் தீர்ந்தபின் கோடு படுத்துவிடும். இந்த மாதிரிகளில் ஸ்காட்டின் உலோகங்கள் இல்லை என்பதால் என் வாதம் மறைமுகமானதுதான். எனினும் 2019இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நேப்பரும் ரிச்சர்டு தாம்சனும் வெளியிட்ட முடிவு அதே திசையைக் காட்டுகிறது. திறந்தவெளியில் அவர்கள் சோதித்த எல்லாப் பைகளும் ஒன்பது மாதத்துக்குள் சிதறின; மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டு இருந்த, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் சேர்பொருள் கலந்த ஆக்சோ வகைப் பை கடைச்சாமான்களைச் சுமக்கும் வலுவோடு இருந்தது. புதைந்த விளிம்பின் கதை பையிலும் திரும்பியிருக்கிறது.

இயற்கை ரப்பரும் ஆக்சிஜனேற்றத்தின் வழியே மக்குகிறது, பாலிஎதிலீனும் அப்படியே என்றார் ஸ்காட். ரப்பர் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை நேரடியாக வெட்டும் நொதிகளைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. பாலிஎதிலீனுக்கு அந்த வாசல் கிடையாது. ஒப்புமை இங்கே உடைகிறது.

நீராற்பகுப்பால் சிதையும் நெகிழிகளை முன்வைக்கும் மறுதரப்பும் சூழல் பற்றிய இந்தக் கேள்வியிலிருந்து தப்பாது. பாலிலாக்டிக் அமிலம் உருகுநிலைக்கு வெகு கீழே, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகும். தொழில்முறை உரக்குவியலின் 58 டிகிரியில் நீராற்பகுப்பு விரைந்து நடக்கிறது, கடல்நீரின் குளிரில் தேங்குகிறது. கார்போடைஇமைடு கலந்தால் நீராற்பகுப்பு மேலும் தாமதமாகும்; மூலப்பொருள் மக்கும் என்ற சான்று அதிலிருந்து செய்த பண்டத்துக்குத் தானாகப் பொருந்திவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் ஆக்சோ வகையை 2021 ஜூலை 3 முதல் சந்தையிலிருந்து விலக்கியது. நிலப்போர்வைகளுக்கோ 2018இன் இஎன் 17033 தரம், மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே இரண்டாண்டுக்குள் 90 சதவீதம் கார்பன் டைஆக்சைடாக வேண்டும் என்கிறது. அதே ஆண்டு சூரிக் இடிஎச் ஆய்வாளர்கள் பிபிஏடி என்ற மக்கும் நெகிழிப் படலத்தின் கார்பன், மண்ணின் நுண்ணுயிர் உடலுக்குள்ளேயே சேர்வதை அடையாளக் கார்பனால் காட்டினார்கள். ஸ்காட்டின் கொள்கைக்கு வேண்டிய நேரடிச் சான்று இந்த வகையைச் சேர்ந்தது. அச்சோதனை நீடித்தது ஆறு வாரம். அதற்குள் கார்பனின் ஒரு பகுதிதான் மாறியது. மீதி எத்தனை காலத்தில், எந்தெந்த மண்ணில் கரையும் என்பது இன்னும் திறந்த கேள்வி.