பிரிந்து சேர்ந்த வெப்பமும் மின்சாரமும்

தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே நடக்கிறது என்னும் நம்பிக்கையை, வாஷிங்டன் நகரின் கேப்பிட்டல் மின்நிலையத்தின் வரலாறு கேள்விக்குள்ளாக்குகிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1904இல் ஒப்புதல் அளித்த இந்நிலையம் 1910இல் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து, கேப்பிட்டல் மாளிகைக்கும் அதைச் சூழ்ந்த அரசுக் கட்டடங்களுக்கும் வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் ஓரிடத்திலிருந்தே வழங்கியது. 1952இல் மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது. மின்சாரம் வெளியிலிருந்து வாங்கப்பட்டது. அதன்பின் பெயரில் மட்டுமே அது மின்நிலையம். அனுப்பியதோ நீராவியும் குளிர்நீரும்.

இந்தப் பிரிவினையின் விலை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. வழக்கமான அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது வெப்பமாகக் காற்றிலும் நீரிலும் கலந்துவிடுகிறது. எங்கோ ஒரு நிலையம் வெப்பத்தை வெளியே கொட்ட, கேப்பிட்டலில் வெப்பத்திற்கென்றே தனியாக நிலக்கரி எரிந்தது.

நிலக்கரியைக் கைவிடும் முயற்சி, நிலக்கரி விளையும் மாநிலங்களைச் சேர்ந்த செனட் உறுப்பினர்களின் எதிர்ப்பால் முடங்கியது. 2009 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் நிலையத்தின் முன் திரண்டு போராடினர். 2018இல் 7.5 மெகாவாட் திறனுள்ள இணை மின்னுற்பத்தி அமைப்பு நிறைவுற்றது. இயற்கை எரிவாயுச் சுழலி மின்சாரம் தருகிறது. அதிலிருந்து வெளியேறும் வெப்பம் நீராவியை உண்டாக்குகிறது.

அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் புதுமையெனத் திரும்பி வந்தது, ஓரிடத்திலேயே இரண்டையும் பெறும் பழைய ஏற்பாடுதான். வீணான வெப்பம் எந்த மின்கட்டண ரசீதிலும் தனிச் செலவாக எழுதப்படுவதில்லை. அந்த இடைவெளி அவ்வளவு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.