வீட்டிற் செய்யும் வானவூர்தியும் அதன் மரச்சிறகும்

வானத்திற் பறக்க வேண்டும் என்னும் அவா மக்கட்குத் தொன்றுதொட்டு உள்ளதாகும். அவ்வவாவைப் பொறியின் துணையால் முதன்முதல் நிறைவேற்றியவர் பெருந்தொழிற்சாலை உடையவரல்லர். மிதிவண்டி செய்து விற்றுவந்த இரு உடன்பிறந்தாரே யாவர். அவர்கள் கையாண்ட பொருள்களும் பெரும்பாலும் மரமும் துணியும் கம்பியுமேயாம். அன்று தொட்டு இன்றளவும், தம் வீட்டுக் கொட்டகையிலே தாமே சிறு வானவூர்தி அமைத்துப் பறப்பார் பல நாடுகளிலும் உளர். அவர்தம் வேலைகளுள் மிகுந்த பொறுமையை வேண்டுவது சிறகு செய்தலாகும். அச்சிறகின் வரலாற்றையும், அஃது உணர்த்தும் ஓர் உண்மையையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண், சிறகின் அமைப்பை அறிதல் வேண்டும். ஓட்டு வீட்டின் கூரையை நோக்குக. உத்தரம் பாரத்தைத் தாங்குகின்றது. கைமரங்கள் அதன் குறுக்கே செல்கின்றன. அவற்றின்மேல் ஓடு வேயப்படுகின்றது. சிறகும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் நீளம் முழுவதும் செல்லும் உத்தரம் ஒன்றோ இரண்டோ உண்டு. அவற்றின் குறுக்கே, முன்புறம் தடித்துப் பின்புறம் மெலிந்து வளைந்த விலாச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். இவற்றின்மேல் மெல்லிய ஒட்டுப்பலகையேனும் துணியேனும் போர்த்தப்படும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கூரை பாரத்தாற் கீழ்நோக்கி அமுக்கப்படுவது. சிறகோ காற்றால் மேல்நோக்கித் தூக்கப்படுவது. ஆதலின், தாங்குகால் இல்லாத சிறகொன்று பறக்குங்கால் அதன் உத்தரத்தின் மேற்புறம் நெருக்குண்ணும்; கீழ்ப்புறம் இழுப்புண்ணும்.

இவ்விருவகைத் துன்பத்தையும் பொறுப்பதோடு, பாரமும் குறைந்த மரம் வேண்டும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் இதற்குப் பெயர் பெற்றது. அம்மரத்தினும் எல்லாப் பலகையும் உதவா. ஓர் அங்குலத்தில் 6 ஆண்டு வளையங்களேனும் இருத்தல் வேண்டும். இழை நேராக ஓடுதல் வேண்டும். 15 அங்குல நீளத்தில் 1 அங்குலத்திற்கு மேல் அது சாய்ந்து செல்லுமாயின் அப்பலகை உத்தரத்திற்கு ஆகாது. முன்னரே நெருக்குண்டு நைந்த மரத்தில், இழைக்குக் குறுக்கே மயிர் போன்ற மெல்லிய கோடு காணப்படும். அதனைக் காணாது விட்டவன் வானத்திலேதான் காண்பான். எனவே விலைகொடுத்து வாங்கிய பலகையாயினும், ஐயம் தோன்றின் கழித்துவிடுதலே அறிவுடைமை.

நிற்க. ரைட் உடன்பிறந்தாராகிய வில்பரும் ஆர்வில்லும் அமெரிக்காவின் ஓகையோ மாகாணத்து டேட்டன் நகரினர். பிறர் வகுத்த கணக்குகளின்படி செய்த சிறகுகள் எதிர்பார்த்தவாறு தூக்காமை கண்டு, 1901-ஆம் ஆண்டில் தாமே காற்றுக்கூண்டு ஒன்று அமைத்து, ஏறக்குறைய 200 சிறு சிறகு வடிவங்களை அதில் வைத்துச் சோதித்தனர். அச்சோதனையின் பயனாகவே, ஸ்புரூஸ் மரமும் ஆஷ் மரமும் கொண்டு 40 அடிக்குச் சற்று மிக்க சிறகுகளைச் செய்து, மஸ்லின் துணி போர்த்தனர். 1903 டிசம்பர் 17-ஆம் நாள் ஆர்வில் 12 வினாடி பறந்து 120 அடி கடந்தார். அந்தப் 12 வினாடிக்குப் பின்னே நின்றது பல்லாண்டுச் சோதனை என்பதை இளைஞர் மறத்தலாகாது.

பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில், செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில், பெர்னார்டு பீட்டன்போல் என்பவர் தோன்றினார். இவர் தாமே கற்றுத் தேர்ந்தவர். எளியவரும் பறத்தல் வேண்டும் எனக் கருதி, மோட்டார் வண்டிக்குரிய ஃபோர்டு எஞ்சினையே பூட்டி, மரத்தால் ஏர் கேம்பர் என்னும் இருவர் ஊர்தியை அமைத்து 1929-இல் பறக்கவிட்டார். அதன் வரைபடங்கள் 1932-இல் அச்சாயின. அவற்றைக் கொண்டு இன்றும் பலர் தம் வீடுகளில் அவ்வூர்தியைச் செய்து பறக்கின்றனர்.

இனி, பசையைப் பற்றிக் கூறுவாம். மரச்சிறகின் உயிர்நிலை பசையேயாகும். முற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது, பாலினின்று திரித்தெடுத்த கேசீன் என்னும் பொருளாற் செய்த பசை. அது காய்ந்த நிலையில் மிக்க உறுதியுடையது. ஈரம் நெடுநாள் தங்குமாயின் பூஞ்சை பற்றி நெகிழ்ந்துவிடும். இதனால் நேர்ந்த தீங்கு எளியதன்று. 1931 மார்ச்சு 31-ஆம் நாள், அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்துப் பசார் என்னும் ஊரருகே, ஃபாக்கர் வகையைச் சேர்ந்த பயணிகள் விமானமொன்று சிறகு முறிந்து வீழ்ந்தது. அதில் இருந்த 8 பேரும் மாண்டனர். கால்பந்துப் பயிற்சியில் நாடெங்கும் புகழ்பெற்ற நூட் ராக்னி என்பார் அவருள் ஒருவர். மரச்சிறகின் உள்ளே ஈரம் புகுந்து பசைப்பிணைப்பு தளர்ந்தமையே காரணமெனக் கொள்ளப்பட்டது. ஒட்டுப்பலகையாற் போர்த்த சிறகாதலின், மேற்புறம் அழகாகவே இருந்திருக்கும். உள்ளிருந்த கேட்டைக் கண்டார் ஒருவருமிலர். பலகையைப் பெயர்த்தாலன்றி உள்ளே சோதித்தல் இயலாமையால், விமான நிறுவனங்கள் உலோகச் சிறகை நாடலாயின. வீட்டில் ஊர்தி செய்வாரோ மரத்தைக் கைவிட்டிலர். 1930-களின் பிற்பகுதி தொட்டு வந்த, ஈரத்திற்கு எளிதில் நெகிழாத புதிய இரசாயனப் பசைகளை நாளடைவில் மேற்கொண்டனர்.

உறுதியான மரமும் நல்ல பசையும் இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. பிரான்சு நாட்டினராகிய ஆன்றி மிஞே என்பவர் 1933-இல் வானப்பேன் எனப் பொருள்படும் பெயரால் ஒரு சிற்றூர்தி செய்து பறந்து, அதனை எவரும் செய்துகொள்ளுமாறு 1934-இல் நூலொன்றும் வெளியிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரு மரச்சிறகுகள் உடையது அது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் மிகப் பலர் ஆவலோடு அதனைச் செய்யத் தொடங்கினர். ஆனால் 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்திகள் சில தலைகீழாய்ப் பாய்ந்து, மீள மாட்டாது வீழ, ஓட்டினோர் உயிர்துறந்தனர். பெரிய காற்றுக்கூண்டுகளில் சோதித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. முகம் மிகக் கவிழ்ந்த நிலையில், முன்சிறகிற்கும் பின்சிறகிற்கும் இடைப்பட்ட காற்றோட்டம் பின்புறத்தையே மேலும் உயர்த்திவிடும். ஓட்டுநர் எவ்வளவு இழுத்தும் முகம் நிமிராது. ஈண்டுக் குறை செய்தவர் கையில் இல்லை. செய்யுமாறு வகுத்த அமைப்பில் இருந்தது. மிஞே பின்னர் அவ்வமைப்பைத் திருத்தினார்; எனினும் போன உயிர்கள் மீளுமோ?

இத்தகைய இடர்களால், வீட்டில் ஊர்தி செய்தலைத் தடுத்துவிடுதலே நலம் என்று கருதினாரும் உளர். அமெரிக்காவில் அவ்வுரிமை வேண்டி, ஜார்ஜ் பொகார்டஸ் என்பவர் 1947-இல் ஆரிகன் மாகாணத்தினின்று தலைநகராகிய வாஷிங்டன்வரை ஒரு சிற்றூர்தியிலேயே பறந்து சென்று அதிகாரிகளைக் கண்டார். தாமே செய்வாருக்கு உரிய தனிவகை உரிமம் பின்னர் அங்கு ஏற்பட்டது. 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் அன்னோர்க்கென ஒரு சங்கமும் நிறுவினார்.

அச்சங்கம் போன்றவற்றால் பரவிய பழக்கங்களுள் இரண்டு நாம் சிந்திக்கத்தக்கன. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே பசையால் இரு மரத்துண்டுகளை ஒட்டி வைத்து, காய்ந்தபின் அவற்றை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பர். மரம் பிளந்தால் பசை நன்று. பசைக்கோட்டிலே பிரிந்தால் அன்று ஒட்டியவை யாவும் ஐயத்திற்குரியன. மற்றொன்று, சிறகைப் போர்த்து மூடுமுன், தொழிலறிந்த பிறனொருவனை அழைத்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு பிணைப்பையும் காட்டுதல். தன் கைவேலையைத் தானே மெச்சுவது எவர்க்கும் இயல்பு. பல மாத உழைப்பின்பின், “இதனைப் பிரித்து மீண்டும் செய்க” என்று பிறர் கூறக் கேட்பது கசப்பேயாம். அக்கசப்பைப் பொறுத்தவனே பறந்து மீண்டு வருகின்றான்.

அன்பர்காள்! மூடிய சிறகின் உள்ளே இருப்பதை ஊரார் காணார். புறத்தே பூசிய வண்ணத்தையே புகழ்வர். ஆனால் வானத்தில் ஊர்தியைத் தாங்குவது வண்ணமன்று. ஒருவரும் காணாவிடத்துச் செய்த நேர்மையான வேலையேயாகும். ஆதலின், தச்சு வேலையாயினும் கணக்கெழுதலாயினும் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லுதலாயினும், மூடுமுன் பிறர்க்குத் திறந்து காட்டும் துணிவை நம் இளைஞர் பழகிக்கொள்வாராக. அவர் செய்யும் சிறகு எதுவாயினும் அது முறியாது.